நிக்கல் கம்பியா, ஸ்டெயின்லெஸ் கம்பியா? பேஸ் கிட்டாருக்கு எதைப் போடுவது?

அடிநாதம்:

என்னிடம் இருப்பது 34 அங்குல நீளமுள்ள நான்கு கம்பி பேஸ். இரண்டாகப் பிளந்த ஒற்றைப் பிக்அப் (கம்பியின் அசைவை மின்னலையாக்கும் காந்தச் சுருள்), பேட்டரி இல்லாத சாதாரண மின்சுற்று. பதினான்கு மாதங்களாக 45-65-85-105 அளவில் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டைக் கம்பியால் சுற்றிய, கம்பிகளில் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் இரண்டு கிட்டார்கள், டிரம்ஸ், ஒரு பாடகி.

எனக்கு இரண்டு குறைகள். ஒலிப்பதிவில் என் விரல் கம்பியில் நகரும்போதெல்லாம் ‘கீச்’ என்று ஓர் ஒலி வருகிறது. மெதுவான பாட்டில் பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்தது, இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஐந்தாவது வரை கம்பிக்கு அடியில் பள்ளம் விழத் தொடங்கியிருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

நிக்கலுக்கு மாறலாம் என்று தேடப்போனால் குழப்பம்தான் கூடியது. ஓர் உறையில் ‘நிக்கல் பூசிய எஃகு’ என்று இருக்கிறது, இன்னொன்றில் ‘தூய நிக்கல்’, மூன்றாவதில் வெறுமனே ‘நிக்கல் சுற்று’. மூன்றும் ஒன்றுதானா? இல்லையென்றால் எதை எடுப்பது? கம்பியின் தடிமனையும் மாற்ற வேண்டுமா?

எஃகுவிரல்:

மாறாதீர்கள். ஃப்ரெட் தேய்கிறது என்பதற்காகக் கம்பியை மாற்றுவது, செருப்பு தேய்கிறது என்று நடையைக் குறைப்பது போல. ஃப்ரெட் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் சமப்படுத்தலாம், முடியாத நிலை வந்தால் புதிதாக அடிக்கலாம். கம்பியிலேயே இல்லாத ஒலியை மட்டும் யாராலும் வரவழைக்க முடியாது. கூர்மை அதிகம் என்றால் டோன் குமிழைத் திருகிக் குறைத்துக்கொள்வீர்கள். இல்லாத கூர்மையை எங்கிருந்து கூட்டுவீர்கள்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

அதிலும் உங்கள் குழுவில் இரண்டு கிட்டார்கள். அவற்றுக்கு நடுவே பேஸ் கேட்க வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தொடங்கும் அந்த முதல் அடி தெளிவாக விழ வேண்டும். தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் 1966இல் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனத்துடன் சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்வவுண்ட் கம்பிகளை உருவாக்கியதே இதற்காகத்தான். பேஸ் பியானோவின் கீழ்க்கட்டைகளைப் போல ஒலிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிக்கும்) வாசிப்பைக் கேளுங்கள், அதுவும் எஃகுதான்.

‘கீச்’ ஒலி கம்பியின் குற்றமல்ல. விரலை இழுக்காமல் தூக்கி வைத்துப் பழகினால் பெரும்பகுதி போய்விடும்.

பழங்கம்பி:

இதற்கு முழுக்க எதிரான பக்கத்தில் நிற்கிறேன். அடிநாதம், தூய நிக்கலைப் போட்டுப் பாருங்கள். எட்டு ஆண்டுகளாக வேறு எதையும் நான் தொடவில்லை. தூய நிக்கலில் கார்வை உருண்டு வரும், சுரம் காதில் குத்தாது. பாடகியின் குரலுக்குக் கீழே ஓர் ஆசனம் போட்டதுபோல் பேஸ் உட்காரும். எஃகுக் கம்பியில் வாசித்தால் பாடகியோடு போட்டி போடுகிறோம் என்ற உணர்வுதான் எனக்கு எப்போதும் வந்திருக்கிறது.

கைக்கும் அது இதமான உலோகம். 1950களின் பேஸ் ஒலியும் மோட்டவுன் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலியும் வேண்டுமென்றால் வழி இது ஒன்றுதான்.

கூர்மை இருந்தால் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார் எஃகுவிரல். எவ்வளவு நேரத்தைக் குறைப்பதிலேயே செலவழிப்பது? வேண்டிய ஒலியைக் கம்பியே தரும்போது குமிழோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

அளவுகோல்:

பழங்கம்பி அவர்களே, வரலாற்றில் ஒரு திருத்தம். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோதும் அதற்குப் பின் நெடுங்காலமும் பேஸில் இருந்தவை ஃபிளாட்வவுண்ட் கம்பிகள், அதாவது தட்டைப் பட்டையால் சுற்றி மேற்பரப்பு வழவழப்பாக இருப்பவை. 1950களில் தூய நிக்கல் ரவுண்ட்வவுண்ட் புழங்கியது சாதாரண மின் கிட்டாரில். ஜேமர்சன் வாசித்ததும் லா பெல்லா ஃபிளாட்வவுண்ட்தான், அதையும் அறுந்தால் ஒழிய மாற்றாதவர் அவர். தூய நிக்கல் ரவுண்ட்வவுண்டைப் போட்டுவிட்டு அந்த ஒலிக்குக் காத்திருந்தால் அடிநாதம் ஏமாந்து போவார்.

இனி அவர் கேட்ட கேள்வி. பேஸ் கம்பி என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் ஒன்றோ பல அடுக்குகளோ சுற்று. உறையில் எழுதியிருக்கும் உலோகம் இந்தச் சுற்றைப் பற்றியது மட்டுமே. தூய நிக்கல் என்று எழுதியிருந்தாலும் நடுக்கம்பி எஃகுதான். நிக்கல் பூசிய எஃகில் சுற்றும் எஃகுதான், வெளியில் மெல்லிய நிக்கல் தோல் போர்த்தியிருக்கிறது. வெறுமனே ‘நிக்கல் சுற்று’ என்று எழுதி வருபவை பெரும்பாலும் இந்தப் பூசிய வகை. தூய நிக்கல் என்றால் தயாரிப்பாளர் அதைத் தவறாமல் பெரிதாகச் சொல்லிவிடுவார்.

ஒலி வேறுபாட்டுக்குக் காந்தமும் ஒரு காரணம். பிக்அப்பின் காந்தம் கம்பியையும் காந்தமாக்குகிறது. அது அசையும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இரும்பு ஏற்கக்கூடிய காந்தச் செறிவின் உச்சம் 2 டெஸ்லாவுக்குச் சற்று மேல், நிக்கலுக்கு ஏறத்தாழ 0.6. அதனால் தூய நிக்கல் சுற்று பிக்அப்புக்குச் சற்று மெலிந்த செய்தியையே அனுப்பும். பூசிய வகையில் சுற்றுக்குள் எஃகு இருப்பதால் அந்த இழப்பு பெரிதாக இல்லை.

எஃகுவிரல்:

அதாவது ‘நிக்கல்’ என்று விற்பதில் பெரும்பகுதி எஃகு. அந்த மெல்லிய தோலும் ஃப்ரெட் உரசும் இடத்தில் தேய்ந்து போகும். தேய்ந்தால் உள்ளிருக்கும் சாதாரண எஃகு வெளியே வந்து துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை, வெளியே இருப்பதுதான் உள்ளேயும். அப்படியிருக்க ஃப்ரெட்டைக் காப்பாற்ற நிக்கல் பூச்சு என்பதற்கு என்ன பொருள்?

மரமும்கம்பியும்:

பல ஆண்டுகளாகக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் கம்பி சாதாரண ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃப்ரெட்டுக்கான உலோகத்தை நிக்கல் சில்வர் என்பார்கள். பெயரில்தான் வெள்ளி. உள்ளே செம்பு, துத்தநாகம், வழக்கமாக 18 சதவீத நிக்கல். ஸ்டெயின்லெஸ் சுற்று அதைவிடக் கடினம். பூசிய நிக்கல் அந்தளவு கடிக்காது, தூய நிக்கல் அதைவிடவும் மென்மை. எஃகுவிரல் சொல்வதுபோல் பூச்சு தேய்வது உண்மை. ஆனால் அது தேய்ந்து வெளுக்கும் காலத்துக்குள் கம்பி ஒலியிழந்து மாற்றும் நாளும் வந்துவிடும்.

தம்பி அடிநாதம், எனக்கு உறுத்துவது வேறு. பதினான்கு மாதத்தில், அதுவும் இரண்டு முதல் ஐந்து வரை மட்டும், நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் என்றால் கம்பியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கம்பி உயரமாக இருந்து நீங்கள் பலமாக அழுத்துகிறீர்களோ என்று நினைக்கிறேன். இதைச் செய்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரல் வைத்து ஈ கம்பியை (மிகத் தடித்தது) அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? 0.3 மி.மீ. இருந்தால் போதும். பிறகு விரல்களை எடுத்துவிட்டு 17ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை அளந்து சொல்லுங்கள். ஈ கம்பி 2.4, ஜி கம்பி (மிக மெல்லியது) 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம்.

அளக்காமல் கம்பி வாங்க வேண்டாம்.

தாழ்வரிசை:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. நிக்கல் எல்லோருடைய கைக்கும் இதமானது அல்ல.

நான் ஃப்ரெட் இல்லாத பேஸ் வாசிப்பவள். முதல் நான்கு ஆண்டுகள் நிக்கல் பூசிய கம்பிகள்தாம். விரல் நுனிகள் அரித்தன, தோல் உரிந்தது. வாசிப்பவர்களுக்குக் காய்ப்பு வருவது வழக்கம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். வலது கை விரல்களிலும் வெடிப்பு வந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் நிக்கல் ஒவ்வாமை என்று தெரிந்தது. தொட்டால் வரும் ஒவ்வாமைகளில் மிகப் பரவலான ஒன்று இது. மலிவான காதணி போட்டால் காது புண்ணாகிறவர்கள், பெல்ட் கொக்கி படும் இடத்தில் தோல் சிவக்கிறவர்கள் நிக்கல் கம்பியில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை.

எனக்கு ஸ்டெயின்லெஸ் கைகொடுத்தது. அதிலும் வகை பார்க்க வேண்டும். கம்பிச் சுற்றுக்கு வழக்கமாகப் பயன்படுவது 430 வகை, அதில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. பாத்திரங்களுக்கான 304 வகையில் 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும்.

பழங்கம்பி:

‘கைக்கு இதமான உலோகம்’ என்று பொதுப்படையாக எழுதியது என் தவறு. என் கைக்கு இதம் என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். விளக்கியதற்கு நன்றி, தாழ்வரிசை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஃப்ரெட் இல்லாத பேஸில் ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்வவுண்ட் போட்டால் விரற்பலகை அரமிட்டதுபோல் ஆகிவிடாதா?

தாழ்வரிசை:

ஆனது. ஓராண்டிலேயே ரோஸ்வுட் பலகையில் கம்பியின் தடம் வரிவரியாக விழுந்துவிட்டது. ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பெயர்போன ஜேக்கோ பாஸ்டோரியஸ் தன் பேஸின் பலகையில் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசியது இந்தத் தேய்மானத்தைத் தாங்கத்தான். அவர் போட்டதும் எஃகு ரவுண்ட்வவுண்ட். எனக்கு அப்படிப் பூச மனம் வரவில்லை. இப்போது நைலான் பட்டை சுற்றிய கம்பியில் வாசிக்கிறேன். உலோகம் விரலிலும் படுவதில்லை, பலகையிலும் படுவதில்லை. ஸ்டெயின்லெஸ்ஸின் அந்த முணகல் போய்விட்டது. அதற்கு இன்னும் ஏங்குகிறேன்.

அளவுகோல்:

ஸ்டெயின்லெஸ் வகைகள் பற்றித் தாழ்வரிசை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 304 வகை கம்பிச் சுற்றுக்கு ஆகாததற்கு நிக்கல் மட்டும் காரணமல்ல. அது காந்தத்துக்குக் கிட்டத்தட்ட அசையவே அசையாது. 430 காந்தத்தில் நன்றாக ஒட்டும். பிக்அப்புக்கு அதுதான் வேண்டும்.

இனி டோன் குமிழ். எஃகுவிரல் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. டோன் குமிழ் வெட்டுவது ஒரே அளவாக வெட்டும். சுரம் பிறக்கும் கணத்திலும் மேல் ஒலிகளை வெட்டும், அடங்கும் கணத்திலும் அதே அளவு வெட்டும். கம்பி அப்படி அல்ல. நிக்கல் கம்பியில் முதல் அடி தெளிவாகவே விழுகிறது. பிறகு மேல் ஒலிகள் எஃகுக் கம்பியில் இருப்பதைவிடச் சீக்கிரம் அடங்கி, கீழ் ஒலி மட்டும் கார்வையாக நிற்கிறது. எஃகுக் கம்பியின் டோனைக் குறைத்தால் கிடைப்பது வேறு. அடியும் மழுங்கும், கார்வையும் மழுங்கும். குமிழைத் திருகி ஒரு கம்பியை இன்னொரு கம்பியாக்க முடியாது.

எஃகுவிரல்:

இதை நான் இப்படி யோசித்ததில்லை. ஏற்கிறேன். ஆனால் இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. எஃகில் மேல் ஒலிகள் நீண்டு நிற்பதால்தான் நீளமான சுரத்தின் நடுப்பகுதியும் கிட்டார்களுக்கு இடையே தொலையாமல் கேட்கிறது. முதல் அடி மட்டும் தெரிந்து மிச்சம் அடியில் கரைந்து போனால், அந்தப் பாட்டில் பேஸ் டிரம்ஸின் துணைக்கருவியாகிவிடும். என் பேஸை அப்படி ஆக்க எனக்குச் சம்மதமில்லை.

பழங்கம்பி:

பேஸ் டிரம்ஸோடு சேர்ந்து கரைவது உங்களுக்கு இழிவாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் பேஸின் வேலை. நம் இருவருக்கும் கம்பியில் அல்ல, இதில்தான் கருத்து வேறுபாடு.

எஃகுவிரல்:

இழிவு என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டில் கரைய வேண்டும், அடுத்த பாட்டில் முன்னே வர வேண்டும். இரண்டும் முடிகிற கம்பியைத்தான் தேடுகிறேன். தூய நிக்கலில் முன்னே வர முயன்று பார்த்திருக்கிறேன். விரலை பிரிட்ஜ் (உடலில் கம்பி முடியும் தாங்கி) பக்கம் தள்ளி எவ்வளவு அடித்தாலும் கம்பி வாயைத் திறக்கவில்லை.

அடிநாதம்:

அளந்துவிட்டேன். கழுத்தின் இடைவெளி 0.7 மி.மீ. 17ஆவது ஃப்ரெட்டில் ஈ கம்பி 3.5 மி.மீ., ஜி கம்பி 3. இவ்வளவு காலம் இது சரியான அளவு என்றே நினைத்து வாசித்து வந்திருக்கிறேன்.

எனக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. தாழ்வரிசை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, பழைய நிக்கல் கைக்கடிகாரப் பட்டையை இரண்டு நாள் கட்டிப் பார்த்தேன். தோல் சிவக்கவில்லை.

தாழ்வரிசை:

பட்டையை வைத்துச் செய்த சோதனையை முழுதாக நம்பாதீர்கள். அந்தப் பட்டையில் நிக்கல் இருக்கிறது என்பதே உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்கு டைமெத்தில்கிளையாக்சைம் என்ற சோதனைத் திரவம் இருக்கிறது. பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் உலோகத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். புதுக் கம்பி போட்டு சில வாரங்களில் அரிப்போ வெடிப்போ வந்தால் காய்ப்பு என்று என்னைப்போல் விட்டுவிடாதீர்கள்.

மரமும்கம்பியும்:

தம்பி, 3.5 மி.மீ. உயரத்தில் எந்த உலோகம் போட்டாலும் ஃப்ரெட் தேயும். கம்பியை அவ்வளவு தூரம் கீழே தள்ளும்போது தேவைக்கு மேல் அழுத்துவீர்கள். அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் ஆட்டினால் அது அரம்போலச் செயல்படும்.

டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) இறுக்கி 0.3க்குக் கொண்டு வாருங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். திருகியதும் சுருதி சேர்த்துவிட்டு மறுபடி அளங்கள். ராட் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் பலவந்தம் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். அதன்பின் பிரிட்ஜில் உயரத்தைக் குறையுங்கள். எல்லாவற்றையும் பழைய கம்பி இருக்கும்போதே செய்யுங்கள். எது கம்பியால் மாறியது, எது உயரத்தால் மாறியது என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, தூய நிக்கல் வாங்கினால் நடுக்கம்பி என்ன வடிவம் என்று பாருங்கள். பழைய பாணிக் கம்பிகள் சிலவற்றில் நடுக்கம்பி உருண்டையாக இருக்கும். இன்றைய கம்பிகளில் பெரும்பாலும் அறுகோணம். அறுகோணத்தின் விளிம்புகள் சுற்றைக் கவ்விப் பிடிக்கும், உருண்டைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. உருண்டை நடுக்கம்பி என்றால் மிச்ச நீளத்தை வெட்டும் முன், வெட்டும் இடத்துக்கு முன்னாலேயே கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே தளர்ந்து போகும். புதுக் கம்பி அன்றைக்கே செத்துவிடும். தூய நிக்கல் ‘உயிரில்லாமல்’ ஒலிக்கிறது என்று என்னிடம் வந்த கருவிகள் பலவற்றில் இதுதான் காரணம்.

எஃகுவிரல்:

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். நான் முயன்ற தூய நிக்கல் கம்பியை மடக்காமல்தான் வெட்டினேன். நடுக்கம்பி உருண்டையா அறுகோணமா என்று அப்போது பார்க்கவும் இல்லை.

அளவுகோல்:

அப்படியானால் அந்த ஒரு கம்பியை வைத்துத் தூய நிக்கலுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

நடுக்கம்பி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ‘தூய நிக்கல் தளர்வாக இருக்கும்’ என்று பலரும் எழுதுகிறார்கள். நிக்கலின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.9 கிராம், எஃகுக்கு ஏறத்தாழ 7.85. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் நிக்கல் சுற்றிய கம்பிதான் எடை கூடியது, அதே சுருதிக்கு அதிக இழுவிசை கேட்பதும் அதுதான். இருந்தும் கையில் தளர்வாகத் தெரிந்தால், அதற்குக் காரணம் நடுக்கம்பியின் வடிவமும் தடிமனும். நடுக்கம்பி மெலிந்தால் கம்பி எளிதாக வளையும். விரலுக்குத் தெரிவது அந்த வளைவுதான். ஆகவே உறையில் உலோகத்தின் பெயரைப் படித்த கையோடு நடுக்கம்பியையும் இழுவிசை எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணைத் தருகிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பழங்கம்பி:

அடிநாதம், பழைய எஃகுக் கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள். கொதிநீரில் போட்டு எடுத்தால் சில நாட்கள் புதிது போல ஒலிக்கும்.

மரமும்கம்பியும்:

கொதிநீர் வேண்டாம் என்பேன். சுற்றுக்கு இடையே ஈரம் தங்கினால் நடுக்கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அழுக்கும் வியர்வையும் சுற்றிடுக்கில் சேர்வதால்தான் மேல் ஒலிகள் மறைகின்றன. அதை எடுக்க மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்துத் துடைத்து நன்றாக உலரவிடலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் பலன் இருக்காது. ஃப்ரெட் பட்டுக் கம்பியில் விழுந்த பள்ளத்தை எந்தத் திரவமும் நிரப்பாது.

அடிநாதம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி முதலில் கழுத்தையும் உயரத்தையும் சரிசெய்தேன். இப்போது 0.3, 2.4, 2. அதே பழைய கம்பியிலேயே கை பாதி பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது. ‘கீச்’ ஒலியும் கொஞ்சம் குறைந்தது. அழுத்தம் குறைந்ததால் விரல் எளிதாகத் தூக்க வருகிறது, எஃகுவிரல் சொன்னதும் சரிதான்.

பிறகு அதே 45-105 அளவில் நிக்கல் பூசிய கம்பி, அதன்பின் உருண்டை நடுக்கம்பி கொண்ட தூய நிக்கல். தூய நிக்கலை மடக்கித்தான் வெட்டினேன். பழைய எஃகையும் சேர்த்து மூன்றிலும் ஒரே பாட்டை ஒரே அமைப்பில் பதிவு செய்து க, ச, ட என்று பெயரிட்டு எஃகுவிரலுக்கும் பழங்கம்பிக்கும் தனியாக அனுப்பினேன். எது எது என்று சொல்லவில்லை.

இருவரும் ‘ச’ தான் எஃகு என்றார்கள். அது புதிய நிக்கல் பூசிய கம்பி. ‘க’ தூய நிக்கல், ‘ட’ பதினான்கு மாத எஃகு. பழங்கம்பிக்கு மிகவும் பிடித்தது ‘ட’.

எஃகுவிரல்:

நான் தவறாகத்தான் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டு உறுதியோடு சொன்னேன். ஆனால் இதை வைத்து நிக்கலும் எஃகும் ஒன்று என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பதினான்கு மாத எஃகையும் புத்தம்புது நிக்கலையும் பக்கத்தில் வைத்தால் புதியதுதான் பளிச்சென்று இருக்கும். புதிய எஃகு இந்தப் போட்டியில் இல்லவே இல்லை.

அளவுகோல்:

சரியான வாதம். பேஸ் கம்பியில் புதிது பழையது என்ற இடைவெளி, நிக்கல் எஃகு என்ற இடைவெளியைவிடப் பெரிது என்பதைத்தான் இந்தப் பதிவு காட்டுகிறது. மேடையில் எது மிஞ்சும் என்பது வேறு கேள்வி. உச்ச ஒலிக்குத் தனிச் சிறு ஒலிபெருக்கி இல்லாத பேஸ் பெட்டி பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். கம்பி தரும் உச்ச மினுமினுப்பில் ஒரு பகுதி அவையோர் காது வரை போவதே இல்லை.

பழங்கம்பி:

நான் எட்டு ஆண்டுகளாக விரும்பியது நிக்கலையா, பழகிப்போன கம்பியையா என்று இப்போது உண்மையாகவே யோசிக்கிறேன். ‘க’வைத் திரும்பக் கேட்டேன். நீளமான சுரங்களில் அது இன்னும் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ‘ட’வையும் அதையும் பிரித்துச் சொல்ல மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

அடிநாதம்:

நான் நிக்கல் பூசியதையே வைத்துக்கொள்கிறேன். தூய நிக்கல் பாடகியின் மெதுவான பாட்டில் அருமையாக இருந்தது, இரண்டு கிட்டார்களும் சேர்ந்ததும் என் வரியை என்னாலேயே கேட்க முடியவில்லை. அதைத் துடைத்து உறையில் வைத்திருக்கிறேன், வீட்டில் தனியாகப் பதிவு செய்யும்போது போடுவேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டு பாட்டுகளுக்கு ஈ கம்பியை டி சுருதிக்கு இறக்குகிறோம். அப்போது 105 கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் அடிக்கிறது. ஈ கம்பியை மட்டும் 110 ஆக மாற்றினால் போதுமா?

அளவுகோல்:

ஈ 41.2 ஹெர்ட்ஸ், டி 36.7. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறும், எனவே இறக்கியதும் ஏறத்தாழ 21 சதவீதம் போய்விடும். எடை தடிமனின் வர்க்கத்தோடு மாறுகிறது என்று தோராயமாக வைத்தால், 110 போட்டபின்னும் 13 சதவீதம் குறையாகவே இருக்கும். முழுவதும் ஈடுகட்ட 118 பக்கம் வேண்டும். அப்படிப் போட்டால் ஈ சுருதியில் வாசிக்கும் மற்றப் பாட்டுகளில் அந்தக் கம்பி மட்டும் இரும்புத் தடிபோல் விறைத்து நிற்கும். இரண்டு பாட்டுகளுக்காக என்றால் 110 நடுவழி.

மரமும்கம்பியும்:

110 போடலாம், தம்பி. 105க்கும் 110க்கும் 0.13 மி.மீ. தான் வித்தியாசம். உங்கள் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளம் 105க்கு இறுக்கமாக வெட்டப்பட்டிருந்தால் அதுவும் பிரச்சினைதான். கம்பி பள்ளத்தின் அடியில் உட்காராமல் மேலேயே தொங்கும், சுருதி மாற்றும்போது ‘டிக்’ என்று சிக்கிக்கொள்ளும். முதலில் சும்மா போட்டுப் பாருங்கள். சிக்கினால் பள்ளத்தின் பக்கங்களை மட்டும் அகலப்படுத்துங்கள், அடியை ஒரு மயிரிழை கூட ஆழப்படுத்தாதீர்கள். பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி சரியாக விழுகிறதா என்று பார்த்து பிரிட்ஜில் ஈ கம்பியின் நீளத்தைத் திரும்ப அமையுங்கள்.

பள்ளம் விழுந்த அந்த நான்கு ஃப்ரெட்டுகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். சுரம் இரைந்தால் மட்டும் சொல்லுங்கள்.